வைத்தியர் வாய் திறக்கவில்லை

நாவல்களில் அடிக்கடி வரும் கட்டம் ஒன்று உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். வைத்தியர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், ஒன்றும் பேசாமல் திண்ணைக்கு வந்துவிடுகிறார். உள்ளே அழுகுரல் எழுகிறது. ஆயுர்வேத நூல்களைப் புரட்டிய பிறகுதான், இந்தக் கட்டத்தில் பாதி பிற்காலத்துச் சரக்கு, பாதி மிகப் பழைய சரக்கு என்று எனக்குத் தெரிந்தது.

பிற்காலத்துச் சரக்கு, நாடி. ஏறக்குறைய 13 அல்லது 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சார்ங்கதர சம்ஹிதையில் நாடி பார்க்கும் முறை வருகிறது. நின்று நின்று துடிக்கும் நாடி உயிரைக் கொண்டுபோய்விடும் என்கிறது அந்த நூல். அதைவிட மிக மூத்த சரக சம்ஹிதையில் இப்படியொரு நாடி சாஸ்திரம் இல்லை. ஆனால் சாவின் அடையாளங்களுக்கென்றே 'இந்திரிய ஸ்தானம்' என்று 12 அத்தியாயங்கள் அதில் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த அடையாளத்துக்கு 'அரிஷ்டம்' என்று பெயர். காய்க்கு முன்னால் பூ வருவதுபோல் மரணத்துக்கு முன்னால் அரிஷ்டம் வருமாம். காய்க்காமல் போகும் பூவும் உண்டு. ஆனால் அரிஷ்டம் தோன்றிய பின் பிழைத்தவன் இல்லை என்கிறார் சரகர். இரவும் பகலும் ஒருவன் உடம்பில் பல பூக்களின் மணம் வீசினால் ஓராண்டுக்குள் முடிவு. தலையில் சாணப் பொடி போன்ற தூள் எண்ணெய்ப் பசையோடு தோன்றி உதிர்ந்தால் ஒரு மாதம். கண்மணியில் தெரியும் பிம்பம், குரல், நிழல், கனவு, வைத்தியரை அழைக்க வந்த ஆள் நின்ற கோலம், எல்லாமே கணக்கில் சேரும்.

இதில் அனுபவம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் சரகர் வெறும் விதிவாதி அல்லர். ஆயுள் முன்கூட்டியே அளந்து வைத்ததுதானா என்று அக்கினிவேசர் கேட்கிறார். குரு ஆத்திரேயர் வண்டி அச்சைக் காட்டுகிறார். நல்ல அச்சு, தன் காலம் முழுவதும் உழைத்துத் தேய்கிறது. அதே அச்சு, பாரம் மிஞ்சினாலும் பாதை கரடானாலும் மசகு வற்றினாலும் நடுவழியில் முறிகிறது. மனித ஆயுளும் அப்படித்தான். எவ்வளவு அழகான பதில்!

சரி, முறியப் போகிறது என்று தெரிந்துவிட்டது. சொல்லலாமா? கேட்காமல் சொல்லாதே என்கிறது நூல். கேட்டாலும், நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ தீங்காகுமானால் சொல்லாதே. இதுவரை கருணைதான். அடுத்த வரியில்தான் நான் திடுக்கிட்டேன்: மரணத்தைச் சொல்லாமலே சிகிச்சையையும் ஏற்காமல் இருந்துவிடு! தீராத நோயைத் தொட்ட வைத்தியனுக்குப் பொருளும் புகழும் போகும் என்று வேறோரிடத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது.

என் நாவல் வைத்தியரின் திண்ணை மௌனம் அங்கிருந்து வந்ததுதான். அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் எழுந்து போனாரே, அது சொல்லிவிட்டதே! வாய் காத்த ரகசியத்தைக் கால்கள் உடைத்துவிட்டன.

1967-ல் லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற மாது, பிழைக்க மாட்டாதவர்களுக்கென்றே ஒரு மருத்துவ விடுதி திறந்தார். வலியைத் தணிப்பது, கேட்டதற்கு உண்மை சொல்வது, கூடவே இருப்பது, இவ்வளவுதான் அங்கே வைத்தியம். சாவை முன்னறியும் வித்தையில் 12 அத்தியாயம் எழுதிய மேதைக்கு, அறிந்த பின்னும் அருகில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒரு பதின்மூன்றாம் அத்தியாயம் எழுதத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.