ஓப்பன்எஸ்எஸ்எல் மூலநிரலில் ஒரு சிறு திருத்தம் (2006–2008)

கணிப்பொறி நிரலின் பயனை மாற்றாது அதன் அமைப்பை மட்டும் செப்பஞ்செய்யும் திருத்தங்கள் திறந்தமூலத் திட்டங்களிற் பலவாக வரும். அவற்றை ஏற்குமுன் பிறர் படித்துச் சரிபார்ப்பது மரபு. பொருள் மாறவில்லை என்னும் கூற்றோடு வருவதனாலேயே இவை பெரும்பாலும் விரைந்து படிக்கப்படுகின்றன. அவ்விரைவின் விளைவை அறிதற்கு, டெபியன் இயங்குதளத்தார் 2006ஆம் ஆண்டு செய்த தூய்மைத் திருத்தம் ஒன்றை ஈண்டு ஆராய்வாம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் செய்திகளை மறைகுறியாக்க உதவும் நிரற்றொகுதி. மறைகுறித் திறவிகளை ஆக்குதற்கு எவரும் ஊகிக்கவியலாத எண்கள் வேண்டும். அவ்வெண்களைப் பிறப்பிக்கும் கோப்பில் ஒரே வடிவினவாகிய வரிகள் இரண்டு, வெவ்வேறு செயற்கூறுகளில் இருந்தன. மதிப்பு இடப்படாத நினைவகப் பகுதியை நிரல் படிக்கின்றது என வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. எச்சரிக்கையை ஒழிக்கக் கருதிய டெபியன் பராமரிப்பாளர், அவ்வரிகளை நீக்கலாமோ என ஓப்பன்எஸ்எஸ்எல் ஆக்கியோரிடம் வினவினார். பிழை தேடுதற்கு உதவுமாயின் நீக்குதல் தகும் என அவருள் ஒருவர் விடையிறுத்தார். ஆதலின் பராமரிப்பாளர் எவரையும் கேளாது செய்தார் எனல் பொருந்தாது.

வடிவால் ஒன்றாயினும் அவ்வரிகள் தொழிலால் வேறு. ஒன்று சிறுபயனே உடையது. நீக்கினும் பெருங்கேடு இல்லை. மற்றொன்றோ, வெளியிலிருந்து திரட்டிய சீரற்ற தரவுகள் யாவும் உட்புகும் வாயில். அது அடைபடவே, எண்களை வேறுபடுத்த எஞ்சியது இயங்கும் நிரலுக்குக் கணிப்பொறி இடும் அடையாள எண் ஒன்றே. அதுவும் வழக்கமாக 32,768க்கு மேற்படாதது. எண்ணிலடங்காதனவாக இருக்கவேண்டிய திறவிகள், ஒவ்வொரு வகைக்கும் நீளத்துக்கும், இச்சிறு எல்லைக்குள் ஒடுங்கின. நீக்கிய வரியை மட்டும் நோக்கினார்க்கு இது புலப்படாது. அது நின்ற செயற்கூற்றையும் அதனை அழைக்கும் இடங்களையும் தொடர்ந்து படித்தார்க்கே புலப்படும். சொல் ஒன்றாயினும் இடம் நோக்கிப் பொருள் காண்பது உரையாசிரியர்க்கு மட்டும் உரிய தொழிலன்று போலும்!

2006 செப்டம்பரில் டெபியனிற் புகுந்த இத்திருத்தம், 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பிலும், டெபியன்வழித் தோன்றிய உபுண்டுவிலும் பரவியது. மூலநிரல் யாவர்க்கும் திறந்தே கிடந்தும், பழுது ஏறத்தாழ இருபது திங்கள் மறைந்திருந்தமை நோக்கற்பாலது. லூசியானோ பெல்லோ அதனைக் கண்டறிய, 2008 மே 13ஆம் நாள் டெபியன் எச்சரிக்கை விடுத்தது. வரியை மீட்டதனோடு அமையவில்லை. இடைக்காலத்தில் ஆக்கிய திறவிகளையெல்லாம் நீக்கிப் புதியன ஆக்க வேண்டியதாயிற்று. டிஎஸ்ஏ வகைத் திறவிகளோ, பிறவிடத்தில் ஆக்கப்பட்டனவாயினும், பழுதுற்ற கணிப்பொறியில் ஒப்பமிடப் பயன்பட்டிருப்பின் அவையும் கைவிடற்பாலனவாயின.