தகரத் துண்டும் தகவல் வில்லையும்

ஒரு மனிதனை எத்துணைச் சிறிய பொருளில் எழுதிவிட முடியும்? இக்கேள்விக்கு மலையகத்தின் வரலாறு ஏற்கெனவே இருமுறை விடையளித்திருக்கிறது. முதல் விடை தகரத்தால் ஆனது; இரண்டாவது காகிதத்தால் ஆனது. மூன்றாவது விடை இன்று நம் மாணவரின் கையருகே இருக்கிறது. அதை அவர்கள் எவ்வாறு எழுதப்போகிறார்கள் என்பதே நம்முன் உள்ள வினா.

சிவனொளிபாத மலையின் அடிவாரமாகிய நல்லதண்ணி முதலாக, மஸ்கெலியா, அட்டன் எங்கணும் தேயிலையை வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிகளால் திரட்டி வரப்பெற்ற உழைப்பாளிகள். 1901ஆம் ஆண்டளவில் இவர்களுக்கெனத் ‘தகர டிக்கெட்’ முறை புகுத்தப்பட்டது. ஒரு சிறு தகரவில்லை. அதில் தோட்டம் இருந்த மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்ட அதிகாரி, வந்தவனை உரிய தோட்டத்திற்கு அனுப்பிவைப்பார். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து தொழிலாளியின் கடனாக இறங்கும். அணிந்தவனின் பெயர் அவ்வில்லையில் இல்லை. அவன் எவருக்குரியவன் என்பது மட்டுமே இருந்தது.

அடுத்தது ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றில் வேலை தேடுவோன், பழைய தோட்டத்தார் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டவேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்பதே அதன் சாரம். புதிய துரை பணத்தைக் கட்டுவார். கடனோ தொழிலாளியின் தலையிலேயே நிற்கும். எழுதும் உரிமை ஒருவர்க்கு, சுமக்கும் கடமை மற்றொருவர்க்கு! 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இம்முறையை ஒழித்தது. ஆயினும் தாளின் ஆட்சி ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டில் சட்டம் குடியுரிமை வழங்கும்வரை அவ்வடு ஆறாதிருந்தது.

இனி மூன்றாவது வில்லையைப் பார்ப்போம். என்.எப்.சி. எனப்படும் அண்மைத் தொடர்பு முறைக்கான பொது அமைப்பு 2004இல் நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்களால் தொடங்கப்பட்டது. அஞ்சல்தலையளவுள்ள வில்லையினுள் ஒரு சில்லும் கம்பிச் சுருளும் உண்டு, மின்கலம் இல்லை. கைப்பேசியைச் சில சென்டிமீட்டர் அருகே கொண்டுசென்றால், அதன் காந்தப்புலமே சில்லுக்கு உயிரூட்டுகிறது. பரவலாக வழங்கும் ஒருவகைச் சில்லில் எழுத 144 பைட் இடமே உண்டு. ஒரு முகவரியோ, தொலைபேசி எண்ணோ, சிறு குறிப்போ அதற்குள் அடங்கும். எழுதுவதற்கு வேண்டியது ஒரு கைப்பேசிச் செயலி மட்டுமே.

ஆகவே, பாட்டியின் மருந்துப் பெட்டியில் வேளைக்கணக்கை எழுதி ஒட்டலாம். பாடசாலை நூலகத்தின் அலமாரியில் நூல்விவரம் வைக்கலாம். எழுத்தறியாத முதியவர்க்குக் குரற்பதிவின் முகவரியைப் பொதிந்து வைத்தால், இணையமுள்ள இடத்தில் அது பேசும். தகரப் பெட்டிமீது நேரே ஒட்டினால் மட்டும் வில்லை வாய் திறவாது. உலோகம் அப்புலத்தைக் கெடுத்துவிடும். இடையே ஃபெரைட் படலம் கொண்ட தனிவகை வில்லை வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளை மாணவர்க்குச் சொல்லியாக வேண்டும். பூட்டாத வில்லையை எவரும் அழித்து எழுதலாம். நிரந்தரமாகப் பூட்டியபின் எழுதியவரும் மாற்ற இயலாது. பூட்டு எழுதுவதைத் தடுக்குமேயன்றி, படிப்பதைத் தடுக்காது. ஆதலால் அடையாள அட்டை எண்ணையும் கடவுச்சொல்லையும் அதில் எழுதுதல் தகாது.

கொழுந்தின் நிறையும் வேலைநாளும் இத்தகைய அட்டையில் பதிவாகும் இடங்களில், கொழுந்து பறித்தவளும் அக்கணக்கைப் படித்தறிய வழி இருத்தல் வேண்டும். தராசின் முள்ளை ஒருவர் மட்டுமே பார்க்கும் நிலை, மின்னணுவால் நிறைவடைந்துவிடுவதில்லை. கருவி புதிது, கேள்வி பழையது: எழுதுபவர் யார், படிப்பவர் யார், சுமப்பவர் யார்? இம்மூவரும் ஒருவராகும் பயிற்சியை நம் வகுப்பறைகளில் இன்றே தொடங்குவோம்.