விதியல்ல, புண்

கரிசல் மண்ணில் பருத்தி எடுப்பவள் பெண். தொலைவிலிருந்து தண்ணீர்க் குடம் சுமப்பவள் பெண். பிள்ளை பெற்ற உடல் தேறுமுன்னே மீண்டும் காட்டு வேலைக்குப் போகிறவளும் அவளே. எட்டயபுரத்துச் சீமையில் இவை புதுமையல்ல. ஆனால் அவள் இருமும்போது சிறுநீர் கசிகிறது. சுமை தூக்கினால் கருப்பை கீழே இறங்குகிறது. ‘அடி இறக்கம்’ என்று காதோடு காதாகச் சொல்வார்கள். கணவனிடம் சொல்ல நாணம்; மருத்துவரிடம் சொல்ல அச்சம். ‘தலைவிதி’ என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள்.

விதியா இது? இடுப்பின் அடித்தளத்தில், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் தசைகள் இருக்கின்றன. அடுத்தடுத்த பேறும், ஓய்வின்மையும், பெருஞ்சுமையும் அவற்றைத் தளர்த்துகின்றன. இதனினும் கொடியது ஒன்றுண்டு. பேற்றின்போது குழந்தையின் தலை நெடுநேரம் தடைப்பட்டு நின்றால், அழுத்தத்தால் குருதியோட்டம் நின்று சதை அழுகும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழும். பின்னர் இரவும் பகலும் நீர் வடிந்துகொண்டே இருக்கும். இடுப்பெலும்பு வளராத சிறுமியைத் தாயாக்கினால் இந்த ஆபத்து மிகுதி. எனவே குழந்தை மணம் என்பது சடங்கு மட்டுமன்று. உடலில் விழும் வெட்டு.

இந்தத் துளையைத் தைத்து மூடும் கலை எப்படிப் பிறந்தது? அமெரிக்காவின் அலபாமாவில், 1845 முதல் 1849 வரை, மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள்மீது அறுவை செய்து பழகினார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என மூவர் பெயரே நமக்குத் தெரியும். மயக்க மருந்தில்லாமல் அனார்ச்சா முப்பது முறை அறுக்கப்பட்டாள். இறுதியில் வெள்ளிக் கம்பித் தையல் வென்றது. மருத்துவருக்குச் சிலை எழுந்தது. மறுக்கும் உரிமையற்ற அவளுக்கோ மறதியே பரிசு. நியூயார்க் பூங்காவிலிருந்த அச்சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது. அறிவியலைப் போற்றும் நாம், அதன் கையில் படிந்த குருதியையும் மறைக்கலாகாது.

நம் நாட்டில் தடை வேறு வடிவில் நின்றது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதினும் சாவதே மேல் என்று திரைக்குள் வாழ்ந்த பெண்களுக்குச் சொல்லப்பட்டது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அங்கே பயின்ற மேரி ஷார்லீப், இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் மகளிர் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கி நிற்பது அதுவே. அன்றோ ‘சாதி, கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை’ என்று பெயர்! நோயாளியின் படுக்கைக்கும் சாதி முன்னே சென்றது, பார்த்தீர்களா?

1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. 1978-இல் அது பதினெட்டாயிற்று. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல், இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்சியாலேயே வலுப்படுத்தலாம் என்று எழுதினார். கத்தியில்லா மருந்து அது, காசும் வேண்டா.

எனினும் ஆராய்ச்சி சிற்றூருக்கு வர நெடுநாளாயிற்று. மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங் குழுவினர் இரண்டு ஊர்களில் 650 பெண்களை ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 92 பேருக்கு மகளிர் நோய் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. அதற்குமுன் அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு எண்மரே! தமிழகத்தில், செங்கற்பட்டுப் பகுதியின் ருவ்செக் மகளிர் அமைப்பு, கருப்பை இறங்கிய பெண்களிடமே அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டெழுதியது. 1999-இல் அது அச்சேறியது. அனார்ச்சாவிடம் எவரும் கேளாத கேள்வியை இங்கே உழைக்கும் பெண்ணிடம் கேட்டார்கள். வரலாற்றின் திருப்பம் அதுவே.

இளைஞர்களே! மேடையில் பெண்ணுரிமை பேசுவது எளிது. பேறு கண்ட வீட்டில் குடத்தை நாம் தூக்குகிறோமா? பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குப் பந்தல் போட்டால் தடுக்கிறோமா? தாய்க்கும் தமக்கைக்கும், ‘இது நாணத்தக்கதன்று, மருத்துவம் உண்டு’ என்று சொல்லி மருத்துவமனைக்கு உடன் செல்கிறோமா? பகுத்தறிவு வீட்டுக்குள் நுழையவேண்டிய வாசல் இது.