கல்லும் ஓலையும் வட்டும்

நாமக்கல்லில் கல்லுக்குப் பஞ்சமில்லை. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்து அரசர்கள் அந்தப் பாறையைக் குடைந்து இரண்டு கோயில்கள் எடுத்தார்கள். கீழ்ப்புறம் அரங்கநாதர், மேற்புறம் நரசிம்மர். 'அதியேந்திர விஷ்ணு கிருஹம்' என்று பெயரையும் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த எழுத்து நிற்கிறது. ஆனால் செலவை யோசித்துப் பாருங்கள்! நாலு வரி வெட்ட அரசனாயிருக்க வேண்டும். கோழிப் பண்ணைக் கணக்கையும் பெண்ணின் கல்யாணப் படங்களையும் பாறையில் வெட்ட நம்மால் ஆகுமா?

அந்தக் கல்லுக்கும் ஒரு சமயம் ஆபத்து வந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து காவிரிப் போக்கிலேயே கிழக்கே போனால், கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி வரும். அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்டும்படி முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1013-இல், உத்தரவிட்டான். சுவரிலோ கல்வெட்டுகள். கோயில் கல்வெட்டு என்றால் பெரும்பாலும் என்ன? இன்னார் இவ்வளவு நிலம் விட்டார், இன்னார் விளக்கெரிக்க இத்தனை ஆடு கொடுத்தார் என்ற கணக்குத்தான். சுவர் போனால் சாமியின் சொத்துக்குச் சாட்சி போயிற்று. ஆகவே, பிரிப்பதற்கு முன் அத்தனையையும் ஒரு புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான்.

மறு வருஷமே இராஜராஜன் காலமானான். மகன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், சுமார் 1026-இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இந்தச் செய்தியும் அங்கே கல்லிலேயே இருக்கிறது.

புத்தகம் என்றால் அந்நாளில் பனையோலைக் கட்டுதான். எனக்கு இதில் ஒரு வேடிக்கை. சக்கரவர்த்தி கல்லில் வெட்டிய சாசனம், பதின்மூன்று வருஷம் ஓர் ஓலைக் கட்டின் தயவில் உயிர் பிழைத்திருந்தது! நடுவில் கறையான் புகுந்திருந்தால் நிலமும் ஆடும் யாருடையவை என்று ஊரில் வழக்குத்தான் மிஞ்சியிருக்கும்.

ஓலை மலிவு. சேலம் சீமையில் வரப்புக்கு வரப்பு பனைமரம் நிற்கும். ஆனால் எவ்வளவு பேணினாலும் இருநூறு முந்நூறு வருஷத்தில் ஓலை பொடியத் தொடங்கும். அதற்குள் யாராவது உட்கார்ந்து வேறு ஏட்டில் எழுத வேண்டும். ஓலைக்குச் செலவென்றால் அந்த உழைப்புத்தான். அது நின்று போன வீடுகளில் என்ன நடந்தது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றோடு விட்ட கதையை உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஓலையின் இடத்தில் வட்டு. 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதல் வட்டு யந்திரத்தைக் கொண்டு வந்தது. இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் கனம். கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குச் சட்டைப் பையில் அடங்கும் ஹார்டு டிஸ்க், அதைப் போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்கிறது. மலிவில் ஓலையை வென்றுவிட்டது, ஆயுளில் தோற்றுவிட்டது. ஐந்து வருஷம் உழைத்தால் அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

"எதை வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. பென் டிரைவ், இங்கிருந்து அங்கே கொண்டு போகத்தான். வருஷக்கணக்கில் பெட்டியில் போட்டு மறக்க அல்ல. 'கிளவுட்' என்பது வாடகை வீடு. கொஞ்சம் இடம் இனாம், மேற்கொண்டு மாதா மாதம் கொடுக்க வேண்டும். விலை உயர்ந்த வட்டு ஒன்றைவிடச் சாதாரண வட்டு இரண்டே மேல். இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தால் திருடனுக்கும் தீக்கும் அவை ஒன்றுதான். ஆகவே ஒன்று நாமக்கல்லில் இருக்கட்டும். இன்னொன்று ராசிபுரத்துத் தங்கை வீட்டில் இருக்கட்டும். பொங்கலுக்குப் போகும்போது அதைக் கணினியில் செருகி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, புதியவற்றையும் ஏற்றிவிட்டு வரலாம். நாலைந்து வருஷமானால், பழையது கெடுகிற வரையில் காத்திராமல் புது வட்டுக்குப் படியெடுத்துவிட வேண்டியதுதான்.