ஊரறிந்த நாணயமும் கொழும்புக் கோவையும்

கண்டாவளையில் நான் சந்தித்த கமக்காரர் ஒருவர், உழவு இயந்திரக் கடன் மறுக்கப்பட்டபோதுதான் ஓர் உண்மையை அறிந்தார்: அயலவருக்காக அவர் இட்ட பிணைக் கையொப்பம் கொழும்பில் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது.

கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் இலங்கையில் 1911இல் வந்தது. கடன் கேட்பவரின் நாணயத்தைச் சக அங்கத்தவர்கள் நேரில் அறிந்திருந்தமையே அச்சங்கங்களின் பலம். 1990இன் 18ஆம் இலக்கச் சட்டம் அந்த அறிவைக் கோவையாக்கியது. அதன்வழி அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தையே நாம் ‘கிறிப்’ என்கிறோம். அதே ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதத்தில் அது முடிந்து வன்னி மக்கள் மீளக்குடியேறியபோது, உறுதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் இழந்திருந்தோர் பலர். அவர்களைத் தேடி வங்கிகளும் லீசிங், நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. கூடவே கோவையும் வந்தது.

பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் இடுவதில்லை. கடன் தருவதும் மறுப்பதும் கடன் வழங்கும் நிறுவனத்தின் தீர்மானம். தமது அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். பிழை இருப்பின் திருத்தமும் கோரலாம். கடன் கேட்கப் போகுமுன், பிணைக்குக் கையொப்பமிடுமுன், அதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பற்றுச்சீட்டுகளைத் தொலைத்த சமூகத்தில், ஒழுங்காகக் கட்டியவருக்கு அக்கோவையே சாட்சியும் ஆகும்.