அருளும் மருளும்: நாஞ்சில் நாட்டுக் கொடைவிழாவை முன்வைத்து ஓர் ஆய்வு

உளநோயுற்றார் கொள்ளும் பிறழ்நம்பிக்கையின் இயல்பை ஆராய்வார்க்கு நாஞ்சில் நாட்டுக் கொடைவிழா நல்லதோர் உரைகல்லாகும். பித்து, மருள், மையல் எனச் சொற்கள் பல உளவேனும், அருள்வந்து ஆடுவாரை இந்நாட்டார் பித்தர் என்பதில்லை. இவ்வேறுபாடு எதுபற்றி எழுந்தது?

இசக்கியம்மன், சுடலைமாடன் கோயிற் கொடைகளில் வில்லுப்பாட்டுப் புலவர் தெய்வக் கதையைப் பாடிவர, உரிய கட்டத்தில் கோமரத்தாடிமேல் அருள் இறங்கும். தாமே மாடன் எனத் தன்மையிடத்து நின்று அவர் பேசுவார். ஊரார் பணிந்து குறி கேட்பர். கொடை முடிந்தபின் அவரே வயலுக்கோ கடைக்கோ செல்வார். அப்பொழுது அவரை மாடன் என்று ஒருவரும் அழையார். அவரும் தம்மை அங்ஙனம் கருதார். காலமும் இடமும் ஊராரின் உடன்பாடும் அக்கூற்றுக்கு வரம்பாகின்றன.

பிறழ்நம்பிக்கைக்கு இவ்வரம்புகள் இல்லை. செருமானிய அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இல் வெளியிட்ட உளநோயியல் நூலில் அதற்கு மூன்று இயல்பு கூறினார்: அசையாத உறுதி, பட்டறிவாலும் வாதத்தாலும் மாறாமை, நிகழவொண்ணாப் பொருள். இவற்றுள் மூன்றாவது போதாது என்பது எம் கருத்து. நிகழவொண்ணாததை ஊரே நம்புதலும் உண்டன்றோ? ஒருவர் சார்ந்த பண்பாட்டினர் பொதுவாக ஏற்கும் நம்பிக்கையை இக்கால மருத்துவர் நோய்க்குறியினின்றும் விலக்குவது இதனாலேயே. அண்டைவீட்டார் தம் உணவில் நஞ்சிடுகின்றனர் என்பார் கூற்று நிகழக்கூடியதே. எனினும் எச்சான்றும் அவரை அசைப்பதில்லை. அவரோடு சேர்ந்து அதனை நம்புவார் பெரும்பாலும் எவருமில்லை.

எண்ணத்தொடர்பு தளர்தல் வேறொரு கூறு. மனச்சிதைவு பற்றி 1911-இல் எழுதிய புளூலர் அதனையே அந்நோயின் அடிப்படை எனக் கொண்டார். இலக்கணம் பயின்றார்க்கு இது எளிதில் விளங்கும். தனித்தனியே வழுவற்ற தொடர்களும் தம்முள் இயையாவிடின் பொருள் தாரா.

காரணத்தைப் பிறழ உணர்தல் நோயாளர்க்கே உரியதுமன்று. சங்க அகப்பாடல்களில் மகளின் மெலிவு கண்ட தாய், முருகு அணங்கியது எனக் கொண்டு வேலனை அழைத்து வெறியெடுப்பாள். காதலே காரணம் என்பதைத் தலைவியும் தோழியும் அறிவர். வெறியாட்டைப் பாடிய புலவரே அது காரணம் தவறியது என்பதையும் உடன் உணர்த்தினர்.

அத்தவறு இன்றும் நிகழ்கின்றது, விளைவுதான் கொடிது. 1870-இல் தோன்றிய திருவனந்தபுரம் மனநோய் மருத்துவமனை நாஞ்சில் நாட்டார்க்கு அண்மையது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின், தம் மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக் கீழ்ப்பாக்கத்தது ஆயிற்று. நோயைப் பேய்ப்பிடி எனக் கொண்டு, நோயாளரை வழிபாட்டிடங்களிற் கொண்டுபோய்த் தங்கவைத்தல் தென்தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அவ்விடங்கள் தரும் ஆறுதலை யாம் இகழோம். ஆயின் 2001 ஆகஸ்டு 6-இல், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடி தர்காவை அடுத்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாது சிக்கினர். 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, நோயாளரை எவ்வகையானும் சங்கிலியிடுதலைத் தடைசெய்கின்றது.