அவையச்சமும் ஓ.பி. வரிசையும்

திருக்குறளின் 73ஆம் அதிகாரமான ‘அவையஞ்சாமை’, அச்சத்துக்கு மருந்தாகக் கல்வியைக் காட்டுகிறது. அவையில் அஞ்சாமல் மறுமொழி சொல்லும் பொருட்டு நூல்களைக் கற்க வேண்டும் என்கிறது. அமைச்சனுக்குச் சொன்ன அறிவுரையாக இது பொருந்தும். சமூகப் பதற்றம் என்னும் நோய்க்கு இதையே மருந்தாக்கினால் நோய் வளரும் என்பது என் வாதம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் இதைத் தனிக் கோளாறாக ஏற்றது. பேசத் தெரியாமையால் மட்டும் வருவதன்று இது. டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் தந்த விளக்கத்தின்படி, இந்த நோயாளி எதிரில் இருப்பவரைப் பார்ப்பதைவிடத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கை நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா என்று உள்ளே ஒரு கண். சொல்லப்போகும் வாக்கியத்துக்கு மனத்துக்குள் ஒத்திகை. பேச்சு நல்லபடியாக முடிந்தாலும், ஒத்திகை பார்த்ததால்தான் பிழைத்தோம் என்று நம்புகிறார். ஒத்திகை இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறியும் வாய்ப்பு அங்கேயே பறிபோகிறது. ‘இன்னும் நன்றாகத் தயார் செய்துகொண்டு போ’ என்ற வீட்டார் அறிவுரை நோய்க்கு உரமாவது இப்படித்தான்.

தேர்ந்த உளவியலாளர் இதற்கு நேரெதிராகச் செய்வார். ஒத்திகையை விட்டுவிட்டுப் பேசச் சொல்வார். வேண்டுமென்றே தடுமாறச் செய்து, பிறகு என்ன நடந்தது என்று கேட்பார். இதைத் தனக்குத்தானே செய்துகொள்வது கடினம். 101 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த பகுப்பாய்வு, இவ்வகைத் தனிநபர் அறிவு நடத்தைச் சிகிச்சையையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்றது. மருந்துகளும் உதவுகின்றன.

ஆனால் அங்கே போய்ச் சேர்வது எப்படி? 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோய் தொடங்கியதிலிருந்து சிகிச்சைக்கு வரும் வரையிலான தாமதத்தின் இடைநிலை அளவு 16 ஆண்டுகள். நம் ஊரில் ‘கூச்ச சுபாவம்’, பெண்ணானால் ‘அடக்கமான பிள்ளை’ என்ற பாராட்டு வேறு. அதையும் தாண்டி வருபவர் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர் காதில் விழ ‘என்ன பிரச்சினை?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த அச்சத்துக்கு மருந்து தேடி வந்தாரோ அதையே நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறோம்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற மனநலத் தொலைபேசிச் சேவை வரிசையை ஒழித்தது, பெரிய உதவிதான். ஆயினும் சமூகப் பதற்றத்தை அளக்கும் லீபோவிட்ஸ் அளவுகோல் பட்டியலிடும் 24 சூழல்களில் முதலாவதே, பிறர் முன்னிலையில் தொலைபேசியில் பேசுவது. தனியறை இல்லாத வீட்டில் அந்த எண்ணை யார் அழைப்பார்?

சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இலேயே வழி சொல்லிவிட்டது: குறுஞ்செய்தியில் தொடர்பு, காத்திருக்கத் தனியிடம், படிவம் நிரப்பத் தனிமை. நம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளியின் தகவல் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை மருத்துவர் அறையில் அல்ல, சீட்டு கொடுக்கும் ஜன்னலிலேயே தொடங்க வேண்டும். மாவட்ட மனநலப் பிரிவுகள் குறுஞ்செய்தி வழி முன்பதிவை ஏற்கட்டும். பெயரை உரக்கக் கூப்பிடுவதை நாளைக்கே நிறுத்தட்டும்.